மரத்துக்கு ஏ.சி. போட்டவர்

வங்கிக்குப் பின்புறம் ஏ.சி. சொட்டுகிற இடத்தில் வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கிக் கேனில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, கேனை எக்ஸ்.எல். வண்டியில் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொள்கிறார் ஜெரால்டு. அடுத்து நகைக்கடை. அதற்கடுத்து எங்கள் வீடு. புதுக்கோட்டையில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் கூலியோடு அங்கே சொட்டுகிற தண்ணீரையும் கேட்டு வாங்கிக்கொள்வார். "போர் தண்ணி உப்புக்கா. நம்ம புள்ள அதக் குடிக்காது" என்பார்.

புள்ளை என்று அவர் சொல்வது ஒரு கமலா ஆரஞ்சு மரத்தை. எங்கள் மாடிக்கு எதிரே, அவர் வீட்டு மாடியில், ஓடி ஓய்ந்த வாஷிங் மெஷினின் டிரம்முக்குள் நிற்கிறது. டிரம்மைச் சுற்றி ஓட்டை இருக்கிறது, வேர் அழுகாது, இதைவிட நல்ல தொட்டி எந்தக் கடையிலும் கிடையாது என்று அடித்துச் சொல்வார். ஏற்காட்டுக்கு ஓர் ஓட்டலின் ஃப்ரீசரைச் சரிசெய்யப் போனவர், ஒட்டுக்கன்றாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். இப்போது அவர் தோளுக்கு வளர்ந்துவிட்டது.

காலையில் டார்ச் லைட்டோடு மேலே ஏறி, ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பார். கேஸ் கசிகிறதா என்று பார்க்க வைத்திருக்கும் சோப்பு நுரைதான் மாவுப்பூச்சிக்கும் மருந்து. பட்டாம்பூச்சிப் புழு கண்ணில் பட்டால் மட்டும் கொல்ல மனசு வராது. பத்திரமாக ஒரு காகிதத்தில் ஏந்திவந்து என் கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிட்டுப் போவார். "அதுவும் எங்கிட்டாவது பொழைக்கணும்லக்கா." என் கறிவேப்பிலை எங்கிட்டுப் போய்ப் பிழைப்பது என்று இதுவரை அவர் கேட்டதில்லை.

பழத்துக்கு ஆசைப்பட்டு வளர்க்கிறார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவர் மனைவி சகாயராணிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் கூடவே போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பியது, அவருக்குத் திரும்பவேயில்லை. பால் கெட்டுவிட்டதா, குழம்பு ஊசிவிட்டதா, அடுப்பில் கேஸ் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் இப்போது ஜெரால்டின் மூக்குதான். "என்னங்க, இங்கிட்டு வந்து இத மோந்து பாருங்க" என்ற குரல் எங்கள் வீடுவரை கேட்கும். மல்லிகைப் பூ வாங்குவதைச் சகாயராணி நிறுத்திவிட்டார். தலையில் கனகாம்பரம் மட்டும்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இதுல யாருக்குமே வாசம் வராதுல்லக்கா. எல்லாரும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு தடவை வாசம் வந்தது. திருச்சியில் டாக்டரைப் பார்த்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கீரனூர் தாண்டியதும், தூங்கிக்கொண்டிருந்த சகாயராணி கண்ணைத் திறக்காமலே, "யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்கங்க" என்றாராம். ஜெரால்டு எழுந்து பார்த்தார். முன்சீட்டில் ஒரு குழந்தை மடியில் தோலைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து ஜன்னல் ஷட்டரை இறக்குவதற்குள் அந்த வாசம் போய்விட்டது. "காத்து கொண்டுபோயிருச்சுக்கா" என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் கை ஷட்டரை இறக்குகிற மாதிரி கீழே வரும்.

அதன்பின் கடை கடையாக ஆரஞ்சு வாங்கி உரித்துக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. தினமும் அவர் முகம் வாடுவதைப் பார்க்கமுடியாமல் ஒருநாள் சகாயராணி, "லேசா வருதுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஜெரால்டு மூடிய கையை அவர் மூக்குக்குக் கீழே நீட்டி, "இப்ப?" என்றார். "வருதுங்க." கையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. இருவரும் சிரித்தோம் என்றுதான் என்னிடம் சொன்னார். "அன்னையிலருந்து நான் கேக்கிறதே இல்லக்கா. கேட்டா பாவம், அது பொய் சொல்ல வேண்டியதாப் போயிருது." கடைப் பழத்தின் மேல்தான் குற்றம் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். மாதக்கணக்கில் குளிரில் கிடந்த பழத்துக்கு வாசம் செத்துப்போகும், மரத்திலிருந்து அப்போதே பறித்தால்தான் உயிரோடு இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. மரம் வந்த கதை இதுதான்.

போன பங்குனியில் அது முதன்முதலாகப் பூத்தது. வெயில் தாழ்ந்த நேரங்களில் என் மாடியில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். வாசம் வந்து மடித்த துணிக்குள் உட்கார்ந்துகொள்ளும். கையில் எடுத்த சேலை கையிலேயே இருக்க, எங்கே நிற்கிறோம் என்பது மறந்து, பார்த்தேயிராத ஏதோ ஒரு மலையின் ஈர மண்ணில் நடந்துகொண்டிருப்பேன். அப்படி ஒரு மாலை ஜெரால்டு மனைவியை மேலே கூட்டிவந்தார். வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் சகாயராணி வெகுநேரம் நின்றார். காற்று முழுக்க அந்த மரம்தான். "வெள்ளையா அழகா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பிஞ்சுகளில் மூன்று தங்கின. மார்கழி வந்தது. பழம் உருண்டு திரண்டதே தவிர, பச்சை மாறவில்லை. "குளிரு பத்தலக்கா. ராத்திரி நல்லாக் குளுந்தாத்தான் கலரு திரும்பும்." மரத்தைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினார். போதவில்லை. பழுதுக்கு வந்த ஒரு ஏ.சி.யை மாடிக்குத் தூக்கிப்போய், தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, மரத்தின் மேல் குளிர்காற்றை விட்டார். தெருவே மாடியேறி வேடிக்கை பார்த்தது. "மனுசருக்கே ஏ.சி. இல்லாத வீட்டுல மரத்துக்கு ஏ.சி.யா?" என்று சகாயராணி வயரைப் பிடுங்கிவிட்டார். நியாயம்தான். ஊருக்கெல்லாம் குளிர் தருகிறவர் வீட்டில், கரகரவென்று இரவும் பகலும் ஓடுகிற பழைய ஃபேன் ஒன்றுதான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பழம் தானாக விழுந்தது. உரித்தால் உள்ளே வெறும் சக்கை. அடுத்த வாரம் இன்னொன்று, அதுவும் சக்கை. மிஞ்சியது ஒன்று. "இந்த ஊரு வெயிலுக்கு இதுக்குமேல நிறம் மாறாது போல இருக்கு, பறிச்சிருங்க" என்றேன். "கலரு வரட்டும்க்கா" என்றார். கலருக்காக அவர் காத்திருக்கவில்லை. அவருக்குப் பயம். பழம் மரத்தில் இருக்கும்வரை, வாசம் வந்தாலும் வரலாம். உரித்துவிட்டால் அதுவும் முடிந்துபோகும்.

நேற்று எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுக்கப் போயிருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். தை மாதம் என்றாலும் உச்சி வெயிலில் வீடு புழுங்கிக்கொண்டிருந்தது. சகாயராணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் அந்தப் பச்சைப் பழம்.

"உரிங்க."

"இன்னும் கலரு..."

"கலரு கண்ணுக்குத்தானங்க. என் கண்ணு நல்லாத்தான இருக்கு?"

ஜெரால்டு ஃபேனுக்கடியில் தரையில் உட்கார்ந்தார். கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுகிற கை, ஒரு பழத்தோலில் நகத்தை வைக்கத் தயங்கியது. வைத்தார். தோல் மெத்தென்று விலகியது. சக்கையில்லை, உள்ளே சுளை சுளையாகச் சாறு. வாசலில் நின்ற என் தொண்டைவரை அந்த வாசம் வந்து இறங்கியது. அவர் தலை நிமிரவில்லை. உரித்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவுமில்லை.

சகாயராணி எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் தலைக் கனகாம்பரம் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார். சுவரோரம் போய், காற்று கொண்டுபோவதற்குள் ஃபேனை நிறுத்தினார்.