டிரைவரம்மாவின் அல்லேலூயா

சிவப்பு விளக்கில் பேருந்து நின்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வரி பாடிப் பார்ப்பார் டிரைவரம்மா. பச்சை விழுந்தால் பாதியில் விட்டுவிடுவார். மிச்சம் அடுத்த சிக்னலில். புதிதாக ஏறியவர் யாராவது திகைத்துப் பார்த்தால், "பயப்படாதீங்க, வண்டிய கையாலதான் ஓட்டுறேன், வாயால இல்ல" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நகரத்துப் பழைய மாதா கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுத் தலைவி. கப்பலில் வந்தவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களும், பிழைப்புத் தேடி நேற்று வந்தவர்களும் முழந்தாளிட்டு வேண்டியே தேய்ந்த பலகைகள் அங்கே. நான்கு மொழி, நான்கு பூசை, நான்கு பாடகர் குழு. ஒரு கூட்டம் வெளியே வர, அடுத்தது உள்ளே போகும். வாசலில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் உறவு.

கோயிலின் இருநூறாம் ஆண்டுக்கு எல்லோருக்கும் ஒரே பூசை என்று பங்குத்தந்தை அறிவித்தார். யார் பாடுவது என்று இழுபறி ஆரம்பமாயிற்று. டிரைவரம்மா ஒரு வழி சொன்னார்: "அல்லேலூயாவுக்கு மொழிபெயர்ப்பு எதுக்கு? அவங்கவங்க பாஷையில ஆளுக்கு ஒரு வரி பாடுவோம். அல்லேலூயாவ மட்டும் சேர்ந்து பாடுவோம்."

ஆர்கன் வாசிக்கும் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "நாலு பேரு நாலு பக்கம் இழுத்தா அது பாட்டில்லம்மா, சந்தை. நான் கட்டையில கை வைக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

முதல் ஒத்திகை சந்தையாகத்தான் இருந்தது. ஒரு குழு முந்தியது, ஒன்று இழுத்தது. இரண்டு குழுக்கள் பாதியிலேயே கிளம்பிப் போயின. டிரைவரம்மா யாரையும் கெஞ்சவில்லை. கிளம்பிப் போனவர்களின் பூசைகளுக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர்கள் வரியை அவர்கள் மொழியிலேயே கற்றுக்கொண்டு, பூசை முடிந்ததும் வாசலில் நின்று பாடிக் காட்டினார். உச்சரிப்பு கன்னாபின்னாவென்று இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருத்தினார்கள். திருத்த வந்தவர்கள் ஒத்திகைக்கும் வந்துவிட்டார்கள்.

விழாவன்று கோயில் நிரம்பி, வாசற்படி வரை ஆட்கள். மேலே ஆர்கன் மாடத்தில் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்கன் இல்லாமலே பாட்டு எழுந்தது. முதல் அல்லேலூயாவில் நான்கு குழுக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன, நாமா இப்படிப் பாடுகிறோம் என்பதுபோல. இரண்டாவதில் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடின. மூன்றாவதில் வரிசைகளில் இருந்தவர்களும் சேர்ந்துகொள்ள, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அப்போது மாடத்திலிருந்து, தயங்கித் தயங்கி, ஆர்கன் ஒலித்தது.

டிரைவரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வலக்கை தாளத்தைப் பிடித்தபடியே இருக்க, இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை விரித்து மேலே மேலே என்று அசைத்தார்: இன்னும் பலமாக.