மல்லாட்டை மில் சுருதி

இன்று திண்டிவனம் பஸ்ஸில் யாரோ காலடியில் வைத்த மூட்டையிலிருந்து மல்லாட்டைப் புண்ணாக்கு வாசனை வந்ததும், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்த நிலக்கடலை எண்ணெய் மில் ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்துக்கே கிட்டார் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்த என் அண்ணன் ஞாபகமும். ராக் இசை என்றால் என்னவென்றே தெரியாத மில் ஆட்கள்கூட, அவன் வாசித்தால் மூட்டையை இறக்கிவிட்டு நிற்பார்கள். அவனோடு சேர்ந்து வாசித்த விழுப்புரத்து பேண்ட் பசங்கதான் கத்துவார்கள்.

"டேய், உன் கிட்டாரு சுருதி எப்பவும் கொஞ்சம் எறங்கிக்கினே கீதுடா!"

"உங்க ஊர்ல மல்லாட்டை மில்லு இல்ல மச்சான். நீங்கதான்டா ஏறிக்கினு கீறீங்க."

இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. மில்லை இடித்து பைக் ஷோரூம் கட்டிவிட்டார்கள். அவன் வாசித்ததில் ஒரே ஒரு ரெக்கார்டிங் என் போனில் இருக்கிறது. அதோடு சேர்ந்து வாசிக்கத்தான் நான் கிட்டாரே கற்றேன், ஆனால் ட்யூனர் ஆப் வைத்து எவ்வளவு கச்சிதமாகச் சேர்த்தாலும் ஒட்டியதே இல்லை.

இன்று வீட்டுக்கு வந்ததும் ஆப்பை மூடிவிட்டு, அவன் தொடங்குவதற்கு முன் ரெக்கார்டிங்கில் இரண்டு விநாடி கேட்கும் அந்த மில் சத்தத்துக்குக் கம்பிகளை இறக்கினேன்.

முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம்.