மூன்றாம் தண்ணீரின் நிறம்

காரியாபட்டி சவரியப்பன் வாத்தியாருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் தேவமணியைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் முதலாளி தனுஷ்கோடியின் அச்சாபீசில் மை கலக்கப் போய் இருபத்தெட்டு வருஷமாகிறது. வெடி லேபிளோ தீப்பெட்டி லேபிளோ, சாம்பிளை ஒரு பார்வை பார்த்து, கண்ணாடிப் பலகையில் கத்தியால் மையைக் குழைத்து, விரலால் தொட்டு அட்டையில் தீற்றினாளென்றால் அதே நிறம் வந்து உட்காரும். அவள் கலந்த நிறம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

சென்னையிலுள்ள டீ கம்பெனி ஒன்று, வறுத்த ஊலாங் என்கிற சீனத்துத் தேயிலைக்குப் பெட்டி அடிக்க ஆர்டர் கொடுத்திருந்தது. பெட்டி முழுக்க அந்த டீயின் நிறம் வரவேண்டும். பார்த்துக் கலக்கச் சின்னப் பொட்டலமும் வந்தது. மிஷின் ஓட்டும் பாண்டிச்செல்வம் முக்கால்வாசியை அள்ளிச் சட்டியில் போட்டு, கடை டீயைப் போலக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டான். அந்தக் கருஞ்சாற்றைப் பார்த்தே தேவமணி மை கலந்துவிட்டாள். ப்ரூஃப் போய்ச் சேர்ந்ததும் கம்பெனிக்காரப் பெண் கீர்த்திகா போன் போட்டாள். "இது எங்க டீயே இல்லைங்க. வெள்ளிக்கிழமை நானே வர்றேன். அப்பவும் சரியா வரலைன்னா வேற பிரஸ் பார்த்துக்கிறோம்."

தனுஷ்கோடிக்கு முகம் சுண்டிப் போயிற்று. "அக்கா, பேசாம அவுக போன்ல அனுப்பின டீ போட்டோவைப் பார்த்துக் கலந்திருங்களேன்."

"போட்டோவையா குடிக்கப் போறாக? நீங்க போயிச் சோலியைப் பாருங்க மொதலாளி. வெள்ளிக்கிழமை நிறம் நிக்கும்."

அவளுடைய தங்கை மகள் வினோலியா சிங்கப்பூரில் நர்ஸ். அன்றைக்குச் சாயங்காலமே அவளைப் போனில் பிடித்தாள்.

"அதைப் போயிக் கொதிக்க வச்சீகளா பெரியம்மா!" வினோலியா சிரித்து மாளவில்லை. "இலை மேல கொதிச்ச தண்ணிய ஊத்தி, முப்பது எண்ணி வடிச்சிரணும். அதே இலையில மறுபடி மறுபடி ஊத்தலாம்."

பொட்டலத்தில் மிஞ்சியது இரண்டு கரண்டி. ஒன்று நிறம் பிடிக்க, ஒன்று கீர்த்திகாவுக்கு என்று தேவமணி பிரித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் வெளிச்சத்தில் வெள்ளைக் கிண்ணங்களை அடுக்கினாள். முதல் தண்ணீர் வைக்கோல் நிறம். வறுத்த வாசம் வந்ததே ஒழிய ருசி எழவில்லை. இரண்டாவது நல்லெண்ணெய் நிறம். பொரிகடலை மணம், கூடவே கொஞ்சம் கரிவாடை.

"பால் ஊத்தலையாக்கா?" என்றான் பாண்டிச்செல்வம்.

"ஊத்துனா உன் தலையிலதான் ஊத்துவேன். எண்ணுலே."

மூன்றாவதில் கரிவாடை அடங்கிவிட்டது. இளகின கருப்பட்டிப் பாகை வெயிலில் பிடித்தது மாதிரி ஒரு செம்பொன். விழுங்கின பிறகுதான் தொண்டையில் இனிப்பு ஊறியது. நாலாவது இறங்குமுகம். தேவமணி மூன்றாவது கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மஞ்சளில் சிவப்பைக் குழைத்து, கத்தி நுனியில் ஒட்டின அளவு கறுப்பைச் சேர்த்துத் தீற்றினாள்.

பதினொரு மணிக்குக் கீர்த்திகா வந்தாள். தீற்றிய அட்டையருகே செல்போனைப் பிடித்தாள். "போட்டோல இதைவிட டார்க்கா இருக்கே?"

"மேடம், வேணும்னா போட்டோ மாதிரியே..." என்று தனுஷ்கோடி பதறினார்.

"சும்மா இருங்க மொதலாளி. உக்காருங்க தாயி, மொதல்ல குடிங்க."

தேவமணி மிஞ்சியிருந்த ஒரு கரண்டியையும் போட்டு, கீர்த்திகாவின் கண் முன்னாலேயே ஊற்றி வடித்தாள். கீர்த்திகா முதல் இரண்டையும் குடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல இதோட இலையைக் கொட்டிடுவோம்."

"அதான் தப்பு. இன்னும் ஒரு தண்ணி."

மூன்றாவதை உறிஞ்சியவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், கிண்ணத்தையும் அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள், இன்னொரு வாய் குடித்தாள், மறுபடி பார்த்தாள்.

"இது எத்தனாவது தண்ணியோட நிறம்னு பெட்டியிலயே போடணும்க்கா," என்று சொல்லி, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.

தேவமணி அதை வாங்கி மிஷின் தலைமாட்டில் ஒட்டினாள்.

"மையை ஏத்துலே."