பக்கத்தில் நின்ற மீசைக்காரன்

குமணன்சாவடியில் பேனர் அடிப்பவர் ஒருவர் இருந்தார். தொப்பைக்காரர். வந்தவர் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசுவார்.

பிள்ளைகளே, நான் அவரிடம் போனதற்கு மறுநாள் உங்கள் அம்மாவின் தையற்கடைத் திறப்பு. அம்மா தனியாக நிற்கும் நெட்டைப் படத்தை நீளமான கடைப் போர்டுக்கு ஏற்றபடி அகலமாக்கச் சொன்னேன். ஏ.ஐ.யிடம் விட்டார். அது அம்மாவோடு கைகோத்தபடி ஒரு மீசைக்காரனை நிறுத்திவிட்டது!

“யாருங்க இவன்?”

“எடம் காலியா கீதுன்னு அதுவே போட்டுச்சு அண்ணாத்தே. ஜோடி நல்லாத்தான் கீது.”

“யோவ், நான்தான்யா அவ புருஷன்! அவனை எடு!”

“எடுத்தா அண்ணி கையும் பூடும். உன் மூஞ்சிய அவனுக்கு வெச்சிரட்டா?” என்றார், திரும்பாமலே.

விடிந்தால் திறப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

போர்டில் எவனோ உடம்பின்மேல் என் முகத்தைப் பார்த்து உங்கள் அம்மா அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.