பொட்டு வைத்த டிஸ்க்

உத்தமபாளையத்தில் ஒரு தனியார் ரத்த வங்கி. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் கலீல் ரஹ்மான் அழிப்பதில் படு கறார். ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலைத் தினமும் மாலை நகல் எடுப்பார். முப்பது நாள் தாண்டிய நகலை ஈவு இரக்கமில்லாமல் அழிப்பார். வீட்டிலும் இதே கதைதான். பழைய செருப்பு, பழைய கல்யாணப் பத்திரிகை எதுவும் அவர் கையில் தப்பாது. "என்னைய மட்டும் எப்படிப் பதிமூணு வருசமா வச்சிருக்கீகன்னு தெரியல" என்பார் மனைவி லத்திபா.

போன ஆயுத பூஜையன்று, துப்புரவு வேலை பார்க்கும் ஜக்கம்மா கருவிகளையெல்லாம் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். நகல்களைச் சேர்த்து வைக்கும் பேக்கப் டிஸ்க் மேஜையில் கிடந்தது, அதையும் விடவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டதால், விடுமுறை முடிந்ததும் கலீல் அதைக் காலி செய்ய எடுத்தார்.

"அத என்ன செய்யப் போறீக தம்பி?"

"உள்ள இருக்கத அழிக்கணும்க்கா. இடம் பத்தல."

"பூசையில வச்சதையா? அடுத்த பூசை வரைக்கும் அது பாட்டுக்கு அங்கன இருக்கட்டும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கலீல் கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஜக்கம்மா, நோன்பு மாதம் முழுக்க அவர் அறைப் பக்கம் டீ டம்ளரோடு வராத மனுஷி. மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே டிஸ்க்கை பீரோவில் போட்டுவிட்டு, வேறொன்று வாங்கினார்.

டிசம்பரில் பட்டியலுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. பிப்ரவரியில் ஒரு காலை, ரத்த வங்கியின் டாக்டரம்மா போன் செய்தார். சின்னமனூரைச் சேர்ந்த அபிதாவுக்கு மறுநாள் பிரசவ ஆபரேஷன். அவருக்கு பாம்பே வகை ரத்தம்; பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும், வேறெந்த ரத்தமும் அவருக்குச் சேராது. "நம்ம லிஸ்ட்ல ஒருத்தர் இருந்தாரே, பாருங்க."

கலீல் பார்த்தார். இல்லை. புது சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது எட்டு வகை ரத்தம்தான். பழைய பட்டியலை மாற்றும்போதே ஒன்பதாவது வகை ஆளை அது கீழே போட்டுவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. முப்பது நகலையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். எதிலும் அந்தப் பெயர் இல்லை. அதற்கு முந்தியதையெல்லாம் தன் கையாலேயே அழித்திருந்தார். ஒரு பெண்ணின் உயிரை இடப் பற்றாக்குறைக்காகத் துடைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது.

சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. டிஸ்க்கைச் சொருகித் தேடினார். செல்லப்பாண்டி, பண்ணைப்புரம், பாம்பே வகை, போன் நம்பர். மூன்றாவது ரிங்கில் எடுத்த செல்லப்பாண்டி, தக்காளிப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். "இந்தா வாரேன்" என்றவர், ஒரு மணி நேரத்தில் சட்டையில் தக்காளிக் கறையோடு வந்து ரத்தம் கொடுக்கப் படுத்தார்.

மறுநாள் ஆபரேஷனில் அந்த ரத்தம் தேவைப்பட்டது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். சேதி வந்ததும் கலீல், வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். "நீங்க அன்னைக்குத் தடுக்கலைன்னா அந்தப் புள்ளைக்குத் தாய் இல்லக்கா. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"நான் என்ன தம்பி செஞ்சேன், பொட்டுதான வச்சேன்" என்றார் அவர்.

அன்றே செல்லப்பாண்டியின் பெயர் பட்டியலில் மறுபடி ஏறியது, அழிக்கும் விதியும் மாறியது. தினசரி நகலுக்கு முப்பது நாள், மாத நகலுக்கு ஒரு வருஷம். கடைசி வரி: 'ஆயுத பூஜை நகல், அடுத்த ஆயுத பூஜை வரை.' எந்த முறைப்படி என்று மேனேஜர் கேட்டார். "ஜக்கம்மாக்கா முறைப்படி சார்" என்றார் கலீல்.

இந்த வருஷப் பூஜை முடிந்ததும், யாரையும் கேட்டு எதையும் அழித்துப் பழக்கமில்லாத கலீல், பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஜக்கம்மாவைத் தேடிப் போனார்.

"வருசம் ஆயிருச்சுக்கா. இப்ப அழிக்கலாமா?"

"இந்த வருசம் பொட்டு வச்சதுல செல்லப்பாண்டி இருக்காகளா?"

"இருக்காக. நானே திறந்து பாத்துட்டேன்."

"அப்பச் சரி, அழிங்க."