ஒரகடத்திலேயே நின்ற வட்டம்

என் கணவர் பார்க்காத நாடு கிடையாது. ஆனால் மெட்ராஸ் சுற்றுவட்டாரத்தைத் தாண்டி அவர் கால் பட்டது திருப்பதியில் மட்டும்தான், அதுவும் மொட்டை போட. மற்ற ஊரெல்லாம் போனில் பார்த்ததுதான்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கட்டில்தான் எங்களுக்கு ரயில், கப்பல் எல்லாம். ஒரகடம் கார் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டு, டீயோடு உட்காருவார். போனில், தெருவையே படமாகக் காட்டும் மேப்பைத் திறந்து ஏதாவதொரு நாட்டின் தெருவில் இறங்குவோம். தாவிப் போகக் கூடாது என்பது எங்கள் சட்டம். விரலால் தட்டித் தட்டி நடந்தே போக வேண்டும். அவர் ரோட்டைப் பார்ப்பார். "ஒரு குழியாச்சும் கீதான்னு பாரேன்!" நான் மாடியில் காயும் துணியைப் பார்ப்பேன். "வெளிநாடு வந்தும் உன் புத்தி துணிக்கொடியிலதான் கீது" என்று சிரிப்பார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அதே மேப் காட்டும். கூலிங் கிளாஸ் போட்ட அவர் படம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன பிரயோசனம்?

அன்றைக்கு போர்ச்சுகலில் ஒரு மலைத்தெருவில் பாதியில் நிறுத்தியிருந்தோம். கீழே இறங்கினால் கடல். ஷிப்ட் முடிந்தும் வட்டம் ஒரகடத்திலேயே நின்றது. ஓ.டி. போலிருக்கிறது என்று நினைத்தேன். வரட்டும், கடலை முதலில் பார்த்தது நான்தான் என்று வெறுப்பேற்றலாம் என்று தனியாகவே இறங்கிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டியது கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை செய்யும் ஒரு தம்பி. "அண்ணி, கெளம்புங்க. அண்ணனுக்கு நெஞ்சு வலி. தண்டலத்தாண்ட ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க."

"இன்னாப்பா ஒளர்ற? அவரு கம்பெனிலதான் கீறாரு. தோ பாரு" என்று போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவன் பார்க்கவில்லை. "அது போனு, அண்ணி" என்றான்.

நான் விடவில்லை, சண்டையே போட்டேன். அந்தச் சண்டையில் போன நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தார்கள்.

மறுநாள் மதியம் அவரை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் ஒரே அழுகை. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. "அழுதுடும்மா, அடக்கி வெச்சுக்காத" என்று நாத்தனார் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் போனுக்கு முழு சார்ஜ் போட்டுக்கொண்டு போயிருந்தார். வட்டம் இன்னும் ஒரகடத்தில்தான் நின்றது. அது அங்கே நிற்கும்வரை, எதிரே படுத்திருப்பவர் வேறு யாரோ. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

திடீரென்று வட்டம் நகர்ந்தது. பிள்ளைப்பாக்கத்தைக் கடந்தது, ஸ்ரீபெரும்புதூர் வந்தது, ஹைவேயில் ஏறியது. "வந்துகினு கீறாரு" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வட்டம் எங்கள் தெருவில் திரும்பி, வாசலுக்கு வந்து நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தம்பி, அவருடைய போனை இரண்டு கையாலும் பிடித்தபடி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நான் அலறினேன்.