ரெட்வுட் காட்டில் சிக்னல் இல்லை

போன கிழமை கலிபோர்னியாவில், கிறிஸ்து காலத்திலேயே முளைத்ததாகச் சொல்லப்படும் மரங்களுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். ரெட்வுட் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் நுனி தெரியாது. கழுத்து வலிதான் தெரியும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மனுசன் மரம் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா? நியாயமான கேள்வி. ஜனவரியில் மகள் கேட்டாள். வாசலில் பனி வழித்த களைப்பில் நான் தலையாட்டிவிட்டேன். விமான ரிக்கெற்றும் எடுத்தாயிற்று.

பிறகுதான் எல்லாம் நடந்தது.

மே மாதம் இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னார்கள். எங்கள் வீட்டில் முடியவில்லை. என் மனைவி வசந்தியின் தம்பி ரூபன் வன்னியிலிருந்து கடைசியாகப் பேசியது மாசி மாதம். அதற்குப் பிறகு... ஒன்றுமில்லை. வவுனியாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி பாலன், முகாம் முகாமாக அவனைத் தேடிக்கொண்டிருந்தான்.

யாராவது ஒட்டுக்கேட்பார்களோ என்று பாலனுக்குப் போனில் விலாவாரியாகப் பேசப் பயம். ஆகவே ஓர் ஏற்பாடு. எங்கள் வீட்டுப் போனுக்கு ஒரு தரம் அடித்து வெட்டி, உடனே மறுபடி அடித்து வெட்டினால் — ரூபன் உயிரோடு இருக்கிறான். வெட்டாமல் அடித்துக்கொண்டே இருந்தால் — எடுக்கவேண்டும். எடுத்தால் என்ன செய்தி என்று நான் எழுதத் தேவையில்லை. நல்ல செய்திக்கு மணி போதும். கெட்ட செய்திக்குத்தானே வாய் வேண்டும்?

"நீங்கள் பிள்ளையோட போங்கோ. நான் வரேல்ல. போனுக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?" என்றாள் வசந்தி.

"நான் இருக்கிறன் தங்கச்சி" என்றார், எங்கள் பேஸ்மென்றில் குடியிருக்கும் குணம் அண்ணை.

சிக்கல் என்னவென்றால், மணி கேட்டால் குணம் அண்ணையின் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் அடுத்தவன் போன் அடித்தாலே இவர் தன் சட்டைப்பையைத் தடவுவார்.

"அண்ணை, நாலஞ்சு தரம் அடிக்கும்வரைக்கும் தொடக்கூடாது. விளங்கினதோ?" என்றேன்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

சின்னப்பிள்ளை என்றால் எனக்குப் பயமே இருந்திருக்காது.

காட்டுக்குள் போனதும் மகள் துள்ளினாள். "அப்பா, நோ சிக்னல்! ஃபைனலி!"

வசந்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, அங்கே நின்ற ரேஞ்சர் பெண் பூங்கா வாசலில் காசு போட்டுப் பேசும் போன் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அவ்வளவுதான். எல்லோரும் மரத்துக்குப் போனார்கள். நாங்கள் போனுக்கு நடந்தோம். போவதும் வருவதும். "அண்ணை, அடிச்சதோ?" "இல்லைத் தங்கச்சி." மறுபடியும் நடை.

நடுவில் நான் கூடாரம் அடித்தேன். அது தண்ணி போட்டவன்போல ஒரு பக்கம் சரிந்து நின்றது. வசந்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தம்பி இருந்தானெண்டாலும் உப்பிடி ஒரு கூடாரத்துக்கதான் கிடப்பான். நாங்கள் காசு குடுத்து வந்து படுக்கிறம், என்ன?"

கயிற்றை இன்னொரு தரம் இறுக்கினேன்.

இவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஆழமில்லையாம். பக்கத்து மரங்களின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்குமாம். ரேஞ்சர் சொன்னதும் எனக்குள் ஒரு தத்துவம் எழும்பப் பார்த்தது. தலையில் தட்டி இருத்தினேன். தத்துவத்துக்கும் தெம்பு வேண்டுமே!

அடுத்த நாள் காலை மறுபடி அந்தப் போன். குணம் அண்ணை பேசினால் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்கும்.

"தங்கச்சி, அடிச்சது!"

"வெட்டினதோ?"

"வெட்டினது. பேந்தும் அடிச்சது. அதுவும் வெட்டினது."

"அண்ணை... நீங்கள் எடுக்கேல்லையே? கை பட்டு வெட்டுப்படேல்லையே?"

"ஐயோ பிள்ளை, ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வைச்சு, அதுக்கு மேல குந்திக்கொண்டெல்லோ இருந்தனான்! ரெண்டும் விறைச்சுப்போச்சு!"

வசந்தி ரிசீவரைக் கொளுவிவிட்டு, பக்கத்தில் நின்ற மரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்தாள். அழவில்லை. பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேரப்பா... எவ்வளவு உயரம் பாருங்கோ."

முதல் நாளிலிருந்து அந்த மரங்களுக்குள்தான் நடந்துகொண்டிருந்தோம்.

ரூபன் எந்தக் கோலத்தில் உயிரோடு இருக்கிறான்? கை கால் சுகமா? கம்பிவேலிக்கு வெளியே எப்போது விடுவார்கள்? அதற்கெல்லாம் எங்களிடம் மணி இல்லை. வீட்டுக்கு வந்தும் களைப்புப் போகவில்லை. காத்திருக்கிறோம்.

குணம் அண்ணைதான் பாவம். இப்போது அவருடைய சொந்தப் போன் அடித்தாலும் கை தொடைக்குக் கீழே போய்விடுகிறதாம்!